பூண்டுப்பாறையில் ஹீட்டர் போட்ட கதை

எங்கள் பூண்டுப்பாறைக்காரர்களுக்கு மூளை கம்மி என்று வெளியூர்க்காரர்கள் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்களுக்கு எங்களைப் பற்றிப் பாதிதான் தெரியும். முழுசும் தெரிந்தவர்கள் நாங்கள்தான். கேட்டால் நாங்களே சொல்லிவிடுவோம், மறைக்கிற அளவுக்குச் சாமர்த்தியம் கிடையாது.

கொடைக்கானலில் பஸ் ஏறி இன்னும் ஒரு மணி நேரம் மலைக்குள்ளே போனால் எங்கள் ஊர். பூண்டு விளையும், கேரட் விளையும், மாசி பிறந்த பிறகும் பனி விடாது. காலையில் வாளித் தண்ணீருக்குள் கையை விட்டால், வெளியே எடுத்த பிறகு அது நம் கைதானா என்று கிள்ளிப் பார்க்க வேண்டும்.

அந்த ஊரில் சடையப்பன் என்று ஒருவர். அறுபது வயசு, நல்ல மனுஷன். அவரைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார்: "எனக்கு மூளை கொஞ்சம் கம்மிதான் சாமி. ஆனா இருக்கிறதைச் சிக்கனமா செலவழிக்கிறேன்." அது சத்தியமான பேச்சு. அவர் செலவழித்து நாங்கள் பார்த்ததே இல்லை.

அவருடைய ஒரே மகள் இளவேணியைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருந்தார். தலைப்பிரசவம். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை பிறந்தது. பிள்ளை பிறந்தால் மூன்று மாசம் தாய் வீட்டில் வைத்துப் பார்ப்பது முறை. அந்த முறைக்குத்தான் வந்தது வினை.

சம்பந்தியம்மா சௌந்தரவல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டார். "ஏனுங் சம்பந்தி, உங்கூர்ல பெரியவங்களே வெடவெடன்னு ஆடிக்கிட்டு இருக்கறீங்க. இது பச்சப்புள்ளைங். வெள்ளிக்கெழம பன்னண்டு மணிக்கு நானே தூக்கிட்டு வர்றனுங். வாசல்ல கால் வெக்கறப்ப வூடு கதகதன்னு இருந்துச்சுன்னா மூணு மாசம் இருக்கட்டும். சில்லுன்னு இருந்துச்சோ, ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டு அதே கார்ல திருப்பூருக்குத் திருப்பிருவனுங்."

ஆஸ்பத்திரியில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றதில் பேரனுடைய ஓர் உள்ளங்கால்தான் சடையப்பன் கண்ணில் பட்டிருந்தது. பத்து நாளாக அந்த உள்ளங்காலை நினைத்துத்தான் மனுஷன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மீதிப் பிள்ளை திருப்பூருக்குப் போய்விட்டால் என்ன செய்வது?

மருமகன் திலீபன் தங்கமான பையன். புதன்கிழமை காலையில் வந்து, கூடத்துச் சுவரில் ஒரு பெரிய ஹீட்டரை மாட்டி, மூலையில் வைஃபை பெட்டியை வைத்து, மாமனார் கையில் ஒரு புதுப் போனையும் கொடுத்தார். போனில் 'என் வீடு' என்று ஓர் ஆப். அதில் தட்டினால் ஹீட்டர் எரியும், அணையும், கூட்டலாம், குறைக்கலாம்.

"மாமா, இதுல ஒரு வசதி என்னன்னா, தொலைவிலேருந்தே போடலாம். வீட்டுக்கு வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போட்டுட்டீங்கன்னா, வந்து சேர்றப்ப வீடு சூடா இருக்கும். உங்களுக்குப் புரியணும்னு எல்லாத்தையும் தமிழ்லயே மாத்தி வச்சிருக்கேன்."

அங்கேதான் தப்பு நடந்தது. இங்கிலீஷில் இருந்திருந்தால் எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் புரிந்திருக்காது, ஒரு கெடுதலும் வந்திருக்காது. தமிழில் இருந்ததால் எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

சடையப்பனின் மனைவி பாக்கியம் வீட்டில் இருந்திருந்தால்கூட இந்தக் கதை நடந்திருக்காது. அந்தம்மா மகளோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டில் இருந்தது நாலு ஆண்பிள்ளைகள்: சடையப்பன், அவர் தம்பிகள் உடையப்பனும் வெள்ளையப்பனும், பாக்கியத்தின் தம்பி பேச்சிமுத்து. பேச்சிமுத்து பத்தாம் வகுப்பை நாலு தடவை படித்தவர். எங்கள் ஊரில் ஒரே வகுப்பை அவ்வளவு ஆழமாகப் படித்தவர் வேறு யாரும் இல்லை. அதனால் போனை வாசிக்கிற பொறுப்பு அவருக்கு வந்தது.

மருமகன் கிளம்பிப் போனதும் நாலு பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பேச்சிமுத்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆப்பைத் தட்டினார்.

"கடவுச்சொல்லை உள்ளிடவும்னு கேக்குது மச்சான்."

"அப்படின்னா?"

"கடவுள் சொல். 'ள்' விட்டுப்போச்சு, அச்சுப்பிழை. சாமி ஒரு வார்த்தை சொல்லணும், அதை உள்ள போட்டாத்தான் திறக்குமாம்."

சடையப்பன் கும்பிட்டுக்கொண்டார். "நல்ல கம்பெனிப்பா. எந்தக் காரியத்துக்கும் சாமி உத்தரவு வாங்குறவன்தான் நிலைப்பான்."

நேரே கோயிலுக்குப் போனார்கள். பூசாரி வேலாண்டி மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கண்ணசந்திருந்தார். அவரை எழுப்பி, விபூதியைக் கொடுத்து, உடுக்கையை அடித்தார்கள். அரைத் தூக்கத்தில் எழுந்தவருக்கு அருள் வர நேரம் ஆகவில்லை.

"யார்றா அது அகால வேளையில!" என்று கத்தினார் பூசாரி.

"வந்துருச்சு, வந்துருச்சு! எழுதிக்க பேச்சி!"

பேச்சிமுத்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி உள்ளே போட்டார். போன் ஒரு நொடி யோசித்தது. பேச்சிமுத்துவின் முகம் வெளுத்துப்போனது.

"என்னப்பா?"

"சொல்லவே நாக்கு கூசுது மச்சான். 'தவறான கடவுச்சொல்'லுங்குது."

சாமி சொன்னதையே தப்பு என்று சொல்கிற போனை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. வெள்ளையப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமிக்கே ரோஷம் வந்து இன்னும் ரெண்டு வார்த்தை சொன்னது. அவை ரெண்டும் பெண்கள் இருக்கிற இடத்தில் சொல்லக்கூடியவை அல்ல. அவற்றையும் போட்டார்கள். அவையும் தவறு. கடைசியில், 'முப்பது நிமிடம் கழித்து முயலவும்' என்று போன் சொல்லிவிட்டது.

"சாமி களைச்சிருக்கும்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு. மரியாதை தெரிஞ்ச போன்தான்" என்று சடையப்பன் சமாதானம் ஆனார்.

அந்த முப்பது நிமிஷத்துக்குள் மருமகனே போன் செய்தார். "மாமா, சொல்ல மறந்துட்டேன். அதுல இளவேணி பேரைப் போடுங்க, திறந்துரும்."

என் மகள் பேரைச் சாமி சொல்லாக வைத்துக் கும்பிடுகிற மருமகன் எனக்குக் கிடைத்திருக்கிறானே என்று சடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. தோளில் கிடந்த துண்டால் மூக்கைச் சிந்தினார். பூசாரிக்கு ஒரு தேங்காய் வாங்கிக் கொடுத்து, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

ஆப் திறந்தது. 'சாதனத்தைத் தேடுகிறது' என்று வந்து, ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"எதைத் தேடுதாம்?" என்றார் உடையப்பன்.

"ஹீட்டரைத்தான்."

"பாவம், அது ஊருக்குப் புதுசுல்ல! எங்கேன்னு அலையும்? இந்தா இங்கே இருக்குன்னு காட்டி விடுங்கப்பா."

பேச்சிமுத்து போனை ஹீட்டருக்கு முன்னால் பிடித்து, "இதான், நல்லா பாத்துக்க" என்றார். பின்பக்கம், பக்கவாட்டு எல்லாம் காட்டினார். 'கண்டறியப்பட்டது' என்று வந்தது. நாலு பேருக்கும் பெருமை பிடிபடவில்லை. மருமகன் இல்லாமலே பாதி வேலையை முடித்துவிட்டோம் என்று ஆளுக்கொரு டீ குடித்தார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை காலையில், ஹீட்டரைப் போட்டுப் பார்க்கலாம் என்று திறந்தால் போனில் வேறு ஒரு செய்தி. பேச்சிமுத்து அதை மனசுக்குள் ரெண்டு தடவை வாசித்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மச்சான், கோவிச்சுக்கக் கூடாது. ''என் வீடு' பழையதாகிவிட்டது. உடனே புதுப்பிக்கவும்'னு சொல்லுது."

சடையப்பனுக்குச் சுருக்கென்று தைத்தது. சுவரை ஏறிட்டுப் பார்த்தார். மகள் கல்யாணத்துக்கு அடித்த சுண்ணாம்பு. அடுப்படிப் பக்கம் கரி ஏறியிருந்தது. மூலையில் காரை பெயர்ந்திருந்தது.

"நேத்து ஒரு தடவைதான்யா இதைச் சுவர்ப்பக்கம் காட்டினோம். அதுக்குள்ள பார்த்துருச்சே!"

"சம்பந்தியம்மா பார்த்துச் சொல்றதுக்கு முன்னாடி இது சொல்லிருச்சேன்னு சந்தோஷப்படுங்கண்ணே" என்றார் வெள்ளையப்பன்.

"நாளைக்குப் பிள்ளை வருது. இன்னைக்கு வெள்ளையடிச்சா காயுமா?"

"பிறகு நினைவூட்டவான்னும் கேக்குது மச்சான்."

"வேண்டாம் வேண்டாம். நாலு பேர் முன்னாடி மறுபடி சொல்லிக்காட்டும். இப்பவே அடிச்சிருவோம்."

சுண்ணாம்பு கரைத்தார்கள். மட்டை பிடித்தார்கள். நான் சிரிக்கிறேன் என்று நினைக்காதீர்கள், அந்த வெள்ளையடிப்பில் ஒரு மட்டை பிடித்தவன் நானும்தான். தெருவே திரண்டு வந்து மதியத்துக்குள் கூடம், அறை, அடுப்படி எல்லாம் முடித்தோம். சடையப்பன் சுண்ணாம்புக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து போனை எட்டிப் பார்த்தார். தற்செயலாக அதுவும் தன் காரியத்தைத் தானே முடித்திருக்க வேண்டும்.

பேச்சிமுத்து வாசித்தார். "புதுப்பிக்கப்பட்டது."

தெருவே கை தட்டியது.

"இரு, இரு, இன்னும் இருக்கு. 'மீண்டும் தொடங்கவும்.'"

கை தட்டல் நின்றது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

"மறுபடியும் முதல்லேருந்தா?" என்றார் உடையப்பன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"ரெண்டு கோட்டு அடிச்சாத்தான் சுண்ணாம்பு நிக்கும். விஷயம் தெரிஞ்சுதான் சொல்லுது" என்றார் சடையப்பன்.

மீண்டும் தொடங்கினோம். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு ரெண்டு கோட்டுச் சுண்ணாம்பு ஏறியிருந்தது. வீடு பளிச்சென்று இருந்ததே தவிர, சுவரெல்லாம் சொதசொதவென்று தண்ணீர். வீட்டுக்குள் இருந்த குளிருக்கு வெளியே இருந்த குளிர் எவ்வளவோ தேவலாம். சடையப்பன் ஈரச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சம்பந்தியம்மா ஒரு வாய் காப்பிக்குக்கூட உள்ளே நிற்க மாட்டாரே என்று புலம்பினார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. காலை எட்டு மணிக்கு நாலு பேரும் குளித்து, விபூதி பூசி, ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் மாட்டிக்கொண்டு ஹீட்டருக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். இன்னும் நாலு மணி நேரம்தான்.

பேச்சிமுத்து ஆப்பைத் திறந்து, மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தார். அடியில் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"மச்சான், இங்க சிவப்பு எழுத்துல 'வெளியேறு'ன்னு இருக்கு."

"யாரை?"

"நம்மளைத்தான். வேற யாரு இருக்கா?"

உடையப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நேத்து பூரா இடுப்பொடிய வெள்ளையடிச்சிருக்கோம். 'வாங்க'ன்னு கூப்பிட வேணாம். மொட்டையா 'வெளியேறு'ங்குதே, 'வெளியேறுங்கள்'னு சொன்னா வாய் வலிக்குமா?"

"இப்ப மரியாதை பார்க்கிற நேரமா?" என்றார் சடையப்பன். "பிள்ளை வரணும். அது அடிச்சுத் துரத்தினாலும் போவேன்."

பேச்சிமுத்து அந்த எழுத்தைத் தட்ட, நாலு பேரும் வாசலுக்கு வந்து பனியில் நின்றார்கள். அடுத்த நொடி போனில் 'உள்நுழை' என்று வந்தது. உள்ளே நுழைந்தார்கள். மறுபடி இளவேணி பேரைப் போட்டார்கள், ஆப் திறந்தது, அடியில் மறுபடி 'வெளியேறு'. வெளியே வந்தார்கள். 'உள்நுழை'. உள்ளே போனார்கள். இப்படி ஏழு தடவை வாசற்படியைத் தாண்டியதில் வெள்ளையப்பனுக்கு மூச்சு வாங்கியது.

"இது ஏதோ சொல்ல வருது, நமக்குத்தான் விளங்கலை" என்று அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சடையப்பன் சிக்கனமாக வைத்திருந்ததை அன்றைக்குத்தான் செலவழித்தார். குல்லாவைக் கழற்றி, தலையைச் சொறிந்து, திடீரென்று நிமிர்ந்தார். "அட மடையனுங்களா! மாப்பிள்ளை என்ன சொன்னாரு? 'வீட்டுக்கு வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி' போடணும்னு சொன்னாரா இல்லையா? நாம எல்லாரும் வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்தா, வர்றது யாரு?"

மூன்று பேரும் வாயைப் பிளந்தார்கள்.

"முதல்ல போகணும்" என்றார் பேச்சிமுத்து மெல்ல.

"ஒரு மணி நேரத் தூரத்துக்கு" என்றார் உடையப்பன்.

"தொலைவிலேருந்து போடலாம்னு தெளிவாச் சொன்னாரே! அதான் வெளியேறு வெளியேறுன்னு தலைபாடா அடிச்சுக்குது" என்றார் வெள்ளையப்பன்.

வீட்டைப் பூட்டி, சாவியை மடியில் முடிந்துகொண்டு, ஒன்பது மணி பஸ்ஸில் கொடைக்கானல் போய்ச் சேர்ந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக் காத்திருந்தார்கள். சரியாகப் பதினொரு மணிக்கு, திரும்பி வருகிற பஸ்ஸின் முதல் படியில் சடையப்பன் வலது காலை வைத்துக்கொண்டு, குலசாமியை நினைத்து, 'இயக்கு' என்பதைத் தட்டினார். 'அறை வெப்பம் 9. இலக்கு 26' என்று வந்தது.

"எரியுது! எரியுது!" என்று பேச்சிமுத்து கத்தியதில் பஸ்ஸில் ரெண்டு பேர் தீ என்று நினைத்துக் கீழே குதித்தார்கள்.

அந்த ஒரு மணி நேரமும் சடையப்பன் சீட்டில் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு போனையே பார்த்தபடி நின்றார். பேச்சிமுத்து கிரிக்கெட் ஸ்கோர் சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார்: "பன்னண்டு... பதினாலு..." பதினேழில் ரொம்ப நேரம் நின்றுவிட்டது. சடையப்பன் முகம் சுண்டிப்போனது. கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு, "ஏறுதாய்யா?" என்றார். பதினெட்டு என்றதும் பஸ்ஸே பெருமூச்சு விட்டது.

பாதி வழியில் பாக்கியம் போன் போட்டார். "எங்கே போய்த் தொலைஞ்சீங்க? நாங்க கார்ல வாசல்ல நிக்கிறோம். வீடு பூட்டிக் கிடக்கு. வீட்டுல ஒருத்தரும் இல்லையா?"

"இருக்கக் கூடாது பாக்கியம். இருந்தா எரியாது" என்றார் சடையப்பன்.

முப்பது வருஷம் குடும்பம் நடத்திய பொம்பளை. விவரம் கேட்காமல் போனை வைத்துவிட்டார்.

பஸ் வந்து நின்றதும் நாலு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். காருக்குள் சம்பந்தியம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிரைவர் வண்டியை அணைக்கக்கூட இல்லை. சடையப்பன் மடியிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டில் விட்டார். கண்ணை மூடிக்கொண்டு திறந்தார்.

கதவு திறந்ததும் இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி புசுபுசுவென்று ஆவி வெளியே வந்தது. ரெண்டு கோட்டுச் சுண்ணாம்பின் தண்ணீர் பூராவும் வெந்து நின்றது. சம்பந்தியம்மா உள்ளே காலை வைத்தார். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. அதைக் கழற்றித் துடைத்தார். சுவரில் சாய்ந்ததில் பட்டுப்புடவை முதுகெல்லாம் வெள்ளையானது, அது அவருக்குத் தெரியாது. சால்வையைக் கழற்றிவிட்டு, சாவகாசமாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பரவாயில்லீங் சம்பந்தி. எங்க திருப்பூரக் காட்டியும் சூடா இருக்குதுங். மூணு மாசம் இருக்கட்டும்."

வாசலில் நின்ற சடையப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். இளவேணி பிள்ளையை ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "அப்பா, வாங்க. பிடிங்க உங்க பேரனை." சின்ன முகம், மூடிய கண், போர்வைக்கு வெளியே ஒரு கை. சடையப்பன் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு வாசற்படியில் காலைத் தூக்கினார்.

"மச்சான்! காலை வைக்காதீங்க!" என்று அலறினார் பேச்சிமுத்து.

தூக்கிய கால் அப்படியே நின்றது.

பேச்சிமுத்து போனை நீட்டினார். "பாருங்க. 'இப்போது தொலைவிலிருந்து இயக்கப்படுகிறது.' தொலைவிலேருந்து! நீங்க உள்ளே போயிட்டா கிட்டக்க ஆயிரும். அணைஞ்சு போச்சுன்னா?"

"மாப்பிள்ளையும் வர்றதுக்கு முன்னாடின்னுதானே சொன்னாரு. வந்ததுக்கு அப்புறம்னு சொல்லலையே" என்றார் வெள்ளையப்பன்.

"நாம வந்து சேர்ந்துட்டா கதை முடிஞ்சுது. வந்துக்கிட்டே இருக்கிற வரைக்கும்தான் சூடு" என்றார் உடையப்பன்.

சடையப்பன் நீட்டிய கையைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். காலை மெதுவாகப் பின்னால் இறக்கினார்.

"அப்பா, என்னப்பா பேசுறீங்க? உள்ளே வாங்கப்பா!" என்றாள் இளவேணி.

"வேண்டாம் ஆத்தா. உங்கப்பன் தூக்கிக் கொஞ்சுறது முக்கியமா, பிள்ளை உடம்புக்குச் சூடு முக்கியமா? நான் எங்கே இருந்தா என்ன. மூணு மாசம்தானே, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிரும்." குல்லாவை இழுத்துக் கண்ணுக்கு மேலே விட்டுக்கொண்டார்.

இளவேணி அம்மாவைக் கூப்பிட்டாள். பாக்கியம் வந்து நாலு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். பச்சை உடம்புக்காரிக்கும் நாலு முட்டாளுக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டிய மூன்று மாசத்தை நினைத்துப் பார்த்தார். "போறவங்களைத் தடுக்காதேடி. நல்லபடியாப் போய்ட்டு மெதுவா வாங்க" என்று சொல்லி, கையில் ஆளுக்கு ரெண்டு வாழைப்பழம் கொடுத்தார்.

வந்த பஸ்ஸிலேயே திரும்பினார்கள். கண்டக்டர், "இறங்கிருச்சா?" என்று கவலையோடு விசாரித்தார். "இறங்க விடுவமா?" என்றார் சடையப்பன்.

கொடைக்கானலில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில், மூன்றாம் மாடியில் அறை எடுத்தார்கள். அன்றைக்குப் பார்த்து ஏரிப் பக்கமிருந்து மஞ்சு ஏறி வந்து ஊரே மங்கிக் கிடந்தது. அறைக்குள் நாலு பேருக்கும் பல் கிட்டியது. ஸ்வெட்டர், குல்லா, மேலே கம்பளி என்று போர்த்தும் ஆகவில்லை. சுவரில் அங்கேயும் ஒரு ஹீட்டர் இருந்தது. சடையப்பன் லாட்ஜ் மேனேஜரைக் கூப்பிட்டார்.

"அய்யா, இதை எரிய விடணும்னா நாங்க எங்கே போகணும்?"

மேனேஜர் கேள்வியைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. "மெயின் சுவிட்சு அணைச்சிருக்கும். கீழே போய்ப் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

லாட்ஜில் கீழே என்றால் மாடிப்படிக்குக் கீழே என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் மலையில் கீழே என்றால் ஒரே ஒரு இடம்தான். 'கீழே போய்ட்டு வர்றேன்', 'கீழே பெண் எடுத்திருக்கோம்', 'கீழே லாரி போச்சு' என்றால் மலைக்குக் கீழே, வத்தலக்குண்டு.

"வத்தலக்குண்டா? ரெண்டு மணி நேரம் ஆகுமே" என்றார் உடையப்பன்.

"நம்மது வீட்டு ஹீட்டர், ஒரு மணி நேரத்துல போடலாம். இது லாட்ஜு ஹீட்டர். தொலைவும் கூடத்தான் இருக்கும்" என்று பேச்சிமுத்து விளக்கினார்.

பஸ் ஏறினார்கள். வளைவு வளைவாக இறங்க இறங்க, பேசிக்கொண்டு வந்த நாலு பேரும் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். மஞ்சு விலகியது. வெயில் ஜன்னல் வழியாக மடியில் வந்து உட்கார்ந்தது. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மாசி மாசத்து வெயில் மத்தியானம் தாண்டியும் குறையாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்வெட்டருக்குள்ளும் குல்லாவுக்குள்ளும் நாலு பேருக்கும் வேர்வை ஆறாக ஓடியது. முறுக்கு விற்கிறவர் அவர்களை நின்று வேடிக்கை பார்த்தார்.

"சுவிட்சு எங்கே இருக்குன்னு இன்னும் தேடவே இல்லையேண்ணே. அதுக்குள்ள எப்படி இவ்வளவு சூடு?" என்றார் வெள்ளையப்பன்.

"இது லாட்ஜு ஹீட்டர் இல்லப்பா" என்றார் பேச்சிமுத்து. போனைத் திறந்து பார்த்தார். "இங்க பாருங்க. 'என் வீடு, இயங்குகிறது.' இது நம்ம ஹீட்டர் சூடு!"

நாலு பேரும் பெருமையோடு வேர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். சடையப்பன் மட்டும் துடைத்த துண்டைப் பிழிந்து பார்த்தார். ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கும். திடீரென்று அவர் முகம் மாறிவிட்டது.

"அடப்பாவிகளா! மலையைத் தாண்டி, மூணு மணி நேரத் தூரத்துல நிக்கிறோம். நமக்கே இப்படி அவிக்குதே. அதுக்குப் பக்கத்துல படுத்திருக்கிற பிள்ளை என்னடா ஆகும்?"

உடனே மகளுக்குப் போன் போட்டார். "ஆத்தா இளவேணி! கதவைத் திற, ஜன்னலைத் திற! பிள்ளைக்கு விசிறு!"

"அப்பா, அவன் சுகமா தூங்குறான்ப்பா. இங்க எல்லாம் அளவாத்தான் இருக்கு."

"உனக்குத் தெரியாது ஆத்தா, நீ வீட்டுக்குள்ள இருக்கே!" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் சடையப்பன். "இங்கே வந்து நின்னு பார்த்தாத்தான் அந்த ஹீட்டர் என்ன போடு போடுதுன்னு தெரியும்!"